படத்தில் விழாத தூசி

ஆகஸ்ட் 21, ஞாயிறு

புகார் எழுதிவைக்க ஒரு நோட்டு தேடினேன். நகைக்கடைக்காரர் தை மாதம் கொடுத்த டைரி அகப்பட்டது. ஆகஸ்ட் வரை ஓர் எழுத்து இல்லை, அவ்வளவு சுறுசுறுப்பு எனக்கு. இனிமேல் தேதி போட்டு எழுதப்போகிறேன். நாளைக்குக் கேமராக் கடைக்காரன் ‘அப்படியெல்லாம் இருக்காதே அக்கா’ என்று கையை விரித்தால் முகத்துக்கு நேரே நீட்டலாம்.

புதுக் கேமரா வெள்ளிக்கிழமை வந்தது. பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு வாங்கியது. இன்று மேலகரத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பசுவும் கன்றும் வாசற்படி ஏறும்போது வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தேன். உள்ளே தூசி. மிளகுத்தூளை ஊதிவிட்டதுபோல் ஏழெட்டுப் புள்ளி, நடுவில் நூல் மாதிரி வளைந்த ஒன்று. கேமராவை அசைத்தால் அதுவும் அசைகிறது. பசு அடுப்படிவரை போய்விட்டது, நான் இன்னும் வாசலில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன்.

படங்களில் ஒன்றும் இல்லை. வ்யூஃபைண்டர் என்பது படம் எடுக்கிறவள் பார்க்கிற ஓட்டை. அதற்குள் இருக்கும் தூசி படத்தில் விழாது, பார்க்கிறவளைத்தான் வதைக்கும். நான் நாள் முழுக்க அதில்தானே ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக வலது கண் ஓட்டையில், இடது கண் மூடி.

இதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம். பெட்டியைப் பிரித்ததும் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அதோடு விட்டாரா? ஒரு சிட்டிகை திருநீறு எடுத்துக் கேமரா நெற்றியில் பூசினார். உதிர்ந்ததை வாயால் ஊதினார். நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

“கொஞ்சூண்டு திருநீறுதான உலகு,” என்கிறார்.

“கொஞ்சூண்டோ கூடையோ, பூசிட்டு ஊதுனியல்லா? அது உள்ள போவாம குத்தாலத்துக்கா போவும்?”

கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். படம் எடுப்பது நான். எடுத்ததைத் தரம் பிரித்து, வெளிச்சம் திருத்தி, ஆல்பம் ஆக்குவது அவர். கல்யாணமான நாளிலிருந்து ஒரு சொல் எதிர்த்துப் பேசியதில்லை. எனக்கு வாய்த்த வாய் இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதும்.

செப்டம்பர் 4 அன்று அரிசி ஆலைக்காரர் மகள் கல்யாணம். தென்காசியில் இந்த ஆவணியில் அதைவிடப் பெரிய கல்யாணம் கிடையாது. அதற்குள் இது சரியாக வேண்டும்.


ஆகஸ்ட் 22, திங்கள்

ஊதுகிற ரப்பர் பந்தால் ஊதிப் பார்த்தேன். லென்ஸைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். போகவில்லை. என் மூக்குக்கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அதுவும் இல்லை.

பின்பக்கத் திரையில் பார்த்தால் தூசி இல்லை. படத்திலும் இல்லை. கண்ணை ஓட்டையில் வைத்தால் மட்டும் இருக்கிறது. ஆகவே வ்யூஃபைண்டருக்குள்தான். கடைக்காரன் இதற்கு என்ன பதில் சொல்வான் பார்க்கிறேன்.

கண்ணாஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்கு வலது கண்ணில் மைனஸ் பதினொன்று, இடதில் ஒன்பது. உள்ளே திரை மெலிசாக இருக்கிறது, வருஷம் ஒரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று போன தடவை டாக்டரம்மா சொன்னார். இந்த வருஷம் போகவில்லை. போன வருஷமும் போகவில்லை. அங்கே போனால் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்துவிடுவார்கள், சாயந்தரம்வரை எல்லாம் மங்கல். முகூர்த்த மாதத்தில் அதற்கு ஏது நேரம்? ஐப்பசியில் வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 23, செவ்வாய்

பகலிலும் கொசு. வலது பக்கம் ஒன்று முகத்தருகே சுற்றிக்கொண்டே இருக்கிறது. அடித்தால் அகப்படவில்லை.


ஆகஸ்ட் 25, வியாழன்

திருநெல்வேலிக்குப் போனோம். அல்போன்ஸ் அண்ணன்தான் எங்கள் பக்கத்தில் கேமரா பழுது பார்க்கிறவர். வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தார்.

“ஒரே ஒரு தூசி இருக்குக்கா. மூலையில.”

“ஒண்ணா? நல்லாப் பாருங்க. மழை பெய்யுது உள்ள.”

மறுபடி பார்த்தார். ஜன்னலைப் பார்த்து, டியூப்லைட்டைப் பார்த்து. “ஒண்ணுதான்க்கா. புதுசுலயே சிலதுல இருக்கும். படத்துல வுழாது. இதுக்குப் போய் ஏன் பிரிச்சுக்கிட்டு?”

பிரித்தே ஆகவேண்டும் என்றேன். கண்ணுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு, சின்ன இடுக்கியால் உள்ளே இருந்த கண்ணாடித் துண்டை எடுத்துத் துடைத்து வைத்தார். வெளியே வெயிலில் வந்து பார்த்தேன். எல்லாப் புள்ளியும் அப்படியே இருந்தன. நூல் மட்டும் கொஞ்சம் இடம் மாறியிருந்தது.

“கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்குக்கா,” என்றார் அல்போன்ஸ் அண்ணன். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன், அவர் சம்சாரம் டீ கொண்டுவந்துவிட்டாள். வீட்டுக்காரரும் வாங்கிப் பார்த்தார். “எனக்கும் ஒண்ணும் தெரியல உலகு,” என்றார். தெரியாதுதான். தன் திருநீறு தனக்கு எப்படித் தெரியும்?


ஆகஸ்ட் 27, சனி

பண்பொழி மலையில் காதுகுத்து. தூசி இப்போது அடியில் கட்டிக்கொண்டுவிட்டது. வ்யூஃபைண்டரின் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு கரை. துடைக்கிறேன் என்று அல்போன்ஸ் அண்ணன் எதையோ நகர்த்திவிட்டார். பிள்ளையை மாமன் மடியில் உட்காரவைத்திருந்தார்கள், மடி தெரியவில்லை. கேமராவைத் தாழ்த்திப் பிடித்தால் முகம் மேலே வருகிறது, அங்கே சுத்தமாக இருக்கிறது. அப்படியே எடுத்துச் சமாளித்தேன். தொழில் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியம் இல்லை.

இன்னொன்றும் எழுதவேண்டும். திரும்பும்போதெல்லாம் ஓரத்தில் பளிச்சென்று மின்னுகிறது. ஃபிளாஷைக் கழற்றிய பிறகும் மின்னியது. இதையும் புகாரில் சேர்க்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். அரைமணி நேரம் பேசியிருப்பேன். திருநீற்றில் தொடங்கி அவர் அம்மாவரை போய்விட்டேன். அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. இருபது வருஷத்தில் அந்த நெற்றியை அப்படி நான் பார்த்ததில்லை. மனசுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் பூசிக்கொள்ளுங்கள் என்று வாய் வரவில்லை.


ஆகஸ்ட் 28, ஞாயிறு

கேஸ் தீர்ந்தது. மாவு புளித்துவிட்டது. கறுப்புக் கரை ஒரு விரல் அகலம் ஆகிவிட்டது.


ஆகஸ்ட் 30, செவ்வாய்

குத்துக்கல்வலசையில் வளைகாப்பு. வளையல் போடுகிற கைதான் வளைகாப்புக்கே முக்கியம், அது கறுப்புக்குள் போய்விடுகிறது. இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். குனிந்து குனிந்து கழுத்து விண்ணென்று வலிக்கிறது.

இவருக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. ஒரு மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறார். நான் காப்பி கொண்டுபோனால் சட்டென்று வேறு திரைக்கு மாற்றுகிறார்.

“என்ன செய்திய அவ்வளவு நேரம்?”

“கலர் பாக்குதேன்.”

மேலகரத்து வீட்டுக்காரம்மாள் வந்து ஆல்பம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். காதுகுத்துக்காரர்தான் வாய்க்கொழுப்பு. “எல்லாம் கிட்டக் கிட்ட எடுத்த மாதிரில்லா இருக்கு, கோயில் தரையே தெரியலையே,” என்றார். உங்கள் பிள்ளை முகத்தைப் பார்க்கவா, தரையைப் பார்க்கவா என்று கேட்டேன். நான் எடுத்தபோது தரை இருந்ததாகத்தான் ஞாபகம்.


செப்டம்பர் 1, வியாழன்

கேமராவை இவர் மட்டும் பஸ்ஸில் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய்விட்டு வந்தார். மத்தியானம் திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“அல்போன்ஸு முழுசாப் பிரிச்சுப் பாத்துட்டாரு. ஒண்ணுமே இல்லையாம்.”

“பெறவு?”

“அக்கா கண்ண ஒரு தடவ காட்டிப் பாக்கச் சொல்லுங்கன்னாரு.”

அவ்வளவுதான். என்ன பேசினேன் என்று முழுவதும் எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. படம் எடுக்கிறவளிடம் வந்து உன் கண் கெட்டுப்போச்சு என்றால், சமைக்கிறவளிடம் உனக்கு நாக்கு இல்லை என்று சொல்கிற மாதிரி இல்லையா? எந்த மனுஷன் வாயிலிருந்தும் அந்தச் சொல் இனிமேல் இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். செம்பைத் தூக்கி எறிந்தேன். அவர்மேல் எறியவில்லை, சுவரில்தான். அவர் செம்பை எடுத்து நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் வைத்தார்.

பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். கோயில் கோபுரத்தைப் பார்த்தேன். மேலே கலசம் மட்டும் தெரிந்தது. பாதி கோபுரம் இல்லை. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கேமராவில்தான் இருக்கவேண்டும். கோயிலுக்குள் இருக்கிற உலகம்மா, தாயே, கேமராவில்தான் இருக்கட்டும்.


செப்டம்பர் 2, வெள்ளி

இடது கண்ணை வைத்துப் பார்த்தால் என்ன என்று காலையில் ஓர் எண்ணம் வந்தது. நேரமில்லை. துணி ஊறவைத்தது அப்படியே கிடந்தது.


செப்டம்பர் 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முகூர்த்தம் ஒன்பது மணிக்கு. நான் மேடையில், இவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால். வ்யூஃபைண்டரில் மேலே தொங்கிய பூச்சரமும் இரண்டு பேர் தலைமுடியும்தான் தெரிந்தன, கீழே எல்லாம் கறுப்பு. தாலித் தட்டு சுற்றி வந்துவிட்டது. மாப்பிள்ளை கையில் எடுத்துவிட்டான். நான் கேமராவைத் தாழ்த்தினேன், தாழ்த்தினேன், மேல் ஓரத்தில் அவன் விரல்கள் வந்தன. கெட்டிமேளம். பட்டனை அமுக்கிப் பிடித்துவிட்டேன். மூன்று முடிச்சும் விழுகிறவரை விரலை எடுக்கவில்லை. எதை எடுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

அட்சதை நாலாப்பக்கமும் வந்து விழுந்தது. கேமராவை மார்பில் இறக்கிவிட்டு நிமிர்ந்தேன். மூக்குக்கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு மஞ்சள் அரிசி புகுந்து இடது கண்ணில் விழுந்தது. எரிச்சல் தாங்காமல் முந்தானையால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு மேடையைப் பார்த்தேன்.

மேடையில் யாரும் இல்லை. மேலே பூச்சரம் இருந்தது. அதற்குக் கீழே பொண்ணு இல்லை, மாப்பிள்ளை இல்லை, ஐயர் இல்லை, புகை இல்லை. சாம்பல் நிறத்தில் என்னமோ ஒன்று தண்ணீர்போல் தளும்பிக்கொண்டிருந்தது. மேளச் சத்தம் மட்டும் அதற்குள்ளிருந்து வந்தது. கேமரா என் மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. “அக்கா, மெட்டி போடப் போறாங்க,” என்று யாரோ சொன்னார்கள். இடது கண் சிவந்து கண்ணீர் வழிந்தது, துடைத்துவிட்டு அதை ஓட்டையில் வைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. எல்லாம் தெரிந்தது. அம்மி, கால், மெட்டி, மருதாணி, நகத்தில் ஒட்டிய அரிசி. அல்போன்ஸ் அண்ணன் துடைத்தது துடைத்தபடி இருந்தது. ஒரு தூசி இல்லை.

பந்திவரை எடுத்து முடித்தேன். பழகாத கண், மூக்கு கேமராவில் இடிக்கிறது, கை தடுமாறுகிறது. பந்தி ஓரத்தில் இவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய், “எனக்கு ஒரு கண்ணு தெரியலைங்க,” என்றேன்.

இலையை அப்படியே விட்டு எழுந்தார். எந்தக் கண் என்று கேட்கவில்லை.


செப்டம்பர் 5, திங்கள்

மதுரை. பெரிய கண்ணாஸ்பத்திரி. சொட்டு மருந்து மூன்று தடவை. டாக்டர் சின்ன வயசுப் பெண், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் உள்ளே பார்த்தாள். விழித்திரை கழன்று மடிந்து கிடக்கிறது என்றாள். சுவரில் ஒட்டிய தாள் ஈரத்தில் உரிகிற மாதிரியாம். முதலில் தூசி தெரியும், மின்னல் தெரியும், பிறகு மறைப்பு வரும் என்று அவள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, என் புகார்ப் புத்தகத்தை யாரோ வாசித்துக் காட்டுவதுபோல் இருந்தது.

“மறைப்பு எப்ப இருந்தும்மா இருக்கு?”

“நேத்துல இருந்து,” என்றேன். அப்படித்தான் என் வாயில் வந்தது.

பின்னாலிருந்து இவர் சொன்னார்: “இல்லம்மா. இருவத்தேழாம் தேதியில இருந்து.”

நான் திரும்பிப் பார்த்தேன். மருந்து விட்டதில் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது.

“இருவத்தொண்ணாந் தேதி படத்துல ஒண்ணும் இல்லம்மா. இருவத்தேழுலதான் மொதல்ல. படத்துல ஆளெல்லாம் மேல போயிருந்தாங்க. கீழ வெறுந்தரை. முப்பதாந் தேதி பாதிப் படம் தரை. நேத்து தாலி கட்டுனதுல...”

“ஒன்பது நாள்,” என்றாள் டாக்டர். “நடுப்பகுதியும் கழன்றிருக்கு. மறைப்பு வந்த அன்னைக்கே வந்திருந்தா நடுப்பகுதி ஒட்டியிருக்கும், பார்வை பெரும்பாலும் தங்கியிருக்கும்.”

நாளைக்கு ஆபரேஷன்.


செப்டம்பர் 6, செவ்வாய்

முடிந்தது என்கிறார்கள்.


செப்டம்பர் 9, வெள்ளி

குப்புறப் படுத்திருக்கவேண்டும். கண்ணுக்குள் எண்ணெய் வைத்திருக்கிறார்கள், அது விழித்திரையை அழுத்தவேண்டுமாம். சாப்பிடும்போது கொஞ்சம் நிமிரலாம், மற்ற நேரமெல்லாம் முகம் தரையைப் பார்த்துத்தான். கட்டில் விளிம்பில் தலையைத் தொங்கவிட்டு, தரையில் டைரியை வைத்து எழுதுகிறேன். எழுத்து எருமை மாதிரி விழுகிறது. மூக்கிலிருந்து சொட்டிச் சொட்டித் தாள் நனைகிறது.

இவரோடு பேசவில்லை. நாலு நாளாயிற்று. சாப்பாடு ஊட்டுகிறார், முதுகைத் தடவிவிடுகிறார், கையைப் பிடித்துக் கக்கூஸுக்குக் கூட்டிப்போகிறார். அவருடைய கால் கட்டைவிரல் இரண்டையும் தவிர அவரை நான் பார்க்கவில்லை.

ஒரு கண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? இன்னொன்றும் மெலிசுதானே? எனக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பத்தைந்து வயசில் போய் என்ன கற்றுக்கொள்வேன்? சத்தம் போட்டு அழக்கூடாது, கண்ணுக்கு ஆகாது என்கிறாள் நர்ஸ். அதற்கும் தடை.


செப்டம்பர் 12, திங்கள்

“அந்தப் படத்தையெல்லாம் காட்டுங்க. நீங்க வெட்டாதது,” என்றேன். ஏழு நாளில் நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேர்கீழே தரையில் வைத்தார். அவரும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினார். பசுவும் கன்றும் படத்தின் நடுவில் இருந்தன. காதுகுத்துப் பிள்ளை கொஞ்சம் மேலே. வளைகாப்புப் பெண் இன்னும் மேலே, அவளுக்குக் கீழே ஜமுக்காளம், ஜமுக்காளம், ஜமுக்காளம். தாலி கட்டுகிற படத்தில் பத்து விரல்கள் மேல் விளிம்பில் தொங்கின. மீதி முழுக்க மணமேடைப் பலகையும் சிந்திய அரிசியும்.

பிறகு அவர் திருத்தியதைக் காட்டச் சொன்னேன். எல்லாரும் நடுவில் இருந்தார்கள். தலை வெட்டுப்பட்ட இடத்தில் மேலே சுவரை ஒட்டவைத்து வளர்த்திருந்தார். வளையல் கடை விளம்பரத்தில் போடலாம், அவ்வளவு நேர்த்தி. இருநூற்றுச் சொச்சம் படம்.

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னேன். அன்னைக்கு திருநெல்வேலிக்குப் போயிட்டு வந்து.”

“அது அல்போன்ஸ் அண்ணன் சொன்னது.”

“அவரு ஒண்ணுஞ் சொல்லல உலகு. நாந்தான். எம்பேருல சொன்னா நீ எடுத்தெறிஞ்சு பேசிருவ, அவரு பேருல சொன்னா கேப்பியேன்னு...”

செம்பு சுவரில் பட்ட சத்தம் எனக்கு மறுபடி கேட்டது.

“அதுக்கப்புறம் சொல்ல பயமா இருந்துச்சு,” என்றார். “கல்யாணம் முடியட்டும், அடுத்த நாளே இழுத்துட்டாவது போயிருவோம்னு நெனச்சேன். வெட்டிச் சரி பண்ணிக் குடுத்துருவோம், அதுவரைக்கும் ஒனக்குத் தெரியவேண்டாம்னு.”

அவரைக் கொல்லவேண்டும்போல் இருந்தது. என்னையும்தான். யாரை முதலில் என்று முடிவுசெய்ய முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.


செப்டம்பர் 15, வியாழன்

முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லாம் என் கையெழுத்தில் இருக்கிறது. தூசி, கொசு, மின்னல், கரை. ஒரு தேதி விடவில்லை. இதை வேறு யாராவது எழுதி என்னிடம் கொடுத்திருந்தால், முதல் வாரத்திலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடியிருப்பேன்.


செப்டம்பர் 21, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனி நிமிர்ந்து உட்காரலாம். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழுகிறது. படியில் இரண்டு தடவை தடுக்கிவிட்டது.

அரிசி ஆலைக்காரர் வீட்டில் ஆல்பம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். இவர் திருத்தியதைக் கொடுக்க எடுத்துவைத்திருந்தார். வேண்டாம் என்றேன். நானே போன் போட்டு, தாலி கட்டியதில் ஒரு படமும் தேறவில்லை, என் கண் அப்போதே போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தம்மாள் கொஞ்ச நேரம் ஏசினாள். கேட்டுக்கொண்டேன். பிறகு அவளே, கண் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

இவர் நெற்றி இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தவர் திடீரென்று, “ஒரு வார்த்த திட்டேன் உலகு. இப்பிடிப் பேசாம இருக்காத, என்னால தாங்க முடியல,” என்றார். எவ்வளவோ இருக்கிறது உள்ளே. வாயைத் திறந்தேன். ரசம் ஊற்றட்டுமா என்றுதான் வந்தது.


செப்டம்பர் 29, வியாழன்

இடது கண்ணில் மெலிசாக இருந்த இடத்தில் லேசர் வைத்தார்கள். வலி ஒன்றும் பெரிதில்லை. பயம்தான் உயிரை எடுத்தது. வலதில் இப்போது வெளிச்சம் தெரிகிறது. எண்ணெய்க்குள்ளிருந்து பார்க்கிறோம், நாள் போகப் போகத் தெளியும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். திங்கட்கிழமை சோதிப்பார்கள்.


அக்டோபர் 3, திங்கள்

விடிகாலை பஸ். வழியெல்லாம் இடது கண்ணைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது. மரம் போகிறதா வீடு போகிறதா என்று தெரியவில்லை. பஸ் ஆட்டம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் இடது கண்ணைக் கறுப்பு மூடியால் மறைத்தாள். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை இருப்பதாகச் சொன்னாள். பெரிய எழுத்து ஏதாவது தெரிகிறதா என்றாள். பலகையே தெரியவில்லை. நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள். அவள் சேலையின் சரசரப்பு கேட்டது.

“இது எத்தனை விரல்?”

சாம்பலுக்குள் என்னமோ அசைந்தது. கையாக இருக்கலாம். அதில் விரல் இருக்கிறதா, இருந்தால் எத்தனை, ஒன்றும் பிடிபடவில்லை. நான் முன்னால் சாய்ந்தேன். தலையைத் தாழ்த்தினேன், சாய்த்தேன். இந்தக் கண்ணால்தானே ஊர்க் கல்யாணமெல்லாம் பார்த்தேன். விரலை எண்ணித் தரமாட்டாயா என்று அதைக் கெஞ்சினேன்.

“அவசரமில்லம்மா. நிதானமாப் பாருங்க.”

என் பின்னால், தோளில் கை வைத்துக்கொண்டு இவர் நின்றார். காதருகே மூச்சு மாதிரி ஒரு சொல் வந்தது.

“மூணு.”

அதைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் டாக்டர் நல்லது என்பாள், எழுதிக்கொள்வாள், இவர் முகம் மலரும், பஸ்ஸில் இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஊருக்குப் போகலாம்.

“மூணுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுதாரு டாக்டர்,” என்றேன். “எனக்குத் தெரியல.”

தோளில் இருந்த கை விறைத்தது. நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

“இன்னொரு தடவ காட்டுங்க,” என்றேன். “இப்ப அவரு சொல்லமாட்டாரு.”

காட்டினாள். வெகுநேரம் பார்த்தேன்.

“தெரியல,” என்றேன்.